குத்துச்சண்டை வீரர் இருவர்

மனிதன் கையை விரித்தால் அது கொடுக்கும். மடக்கினால் அது தாக்கும். சினம் மூண்டவுடன் கை தானாகவே முட்டியாக இறுகிவிடுகிறது. இவ்வியற்கைச் செயலை எடுத்து, அதற்கு எல்லை வகுத்து, காலம் குறித்து, நடுவர் ஒருவரை இடையே நிறுத்தி விளையாட்டாக ஆக்கியதே குத்துச்சண்டை. ஏனைய விளையாட்டுகளிற் பந்தை அடிப்பர். இதில் மனிதனையே அடிக்கின்றனர். ஆதலால் இவ்விளையாட்டைப் பற்றி நெடுங்காலமாக இருவகைக் கருத்து நிலவி வருகிறது. அச்சத்தை வெல்லவும் சினத்தை அடக்கவும் கற்பிக்கும் பள்ளி இது என்பர் சிலர். ஒருவன் மற்றொருவனை நையப் புடைப்பதைக் கண்டு களிக்கும் கொடுமை இது என்பர் வேறு சிலர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. அவ்வுண்மையை அறிய, அமெரிக்க நாட்டு ஜோ லூயி, ஜெர்மனி நாட்டு மாக்ஸ் ஷ்மெலிங் என்னும் இரு வீரர்களின் வாழ்க்கை பெரிதும் துணை செய்யும்.

விதிகள் பிறந்த வரலாறு

கிரேக்க நாட்டு ஒலிம்பிக் விழாவில் கி.மு. 688-ஆம் ஆண்டிலேயே குத்துச்சண்டை இடம்பெற்றது. அக்காலத்து வீரர்கள் தோல் வார்களைக் கையிற் சுற்றிக்கொண்டு பொருதனர். சுற்றுகள் என்னும் பிரிவு அன்று இல்லை. எடைக்கு எடை இணையாக நிறுத்தும் வழக்கமும் இல்லை. ஒருவர் விரலை உயர்த்தித் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வரையிலோ, எழ இயலாது வீழும் வரையிலோ சண்டை நடந்தது.

பிற்காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்து நாட்டில் இச்சண்டை புத்துயிர் பெற்றது. வீரர்கள் வெறுங்கையாற் குத்திக்கொண்டனர். செல்வர்கள் அவர்கள்மீது பணயம் வைத்தனர். மக்கள் வட்டமாகச் சூழ்ந்து நின்று பார்த்தனர். இன்று சண்டை நடக்கும் மேடை சதுர வடிவானது. ஆயினும் அதற்கு 'ரிங்', அதாவது வளையம், என்னும் பெயர் வழங்குவதற்கு அப்பழைய வட்டமே காரணம்.

அந்நாளிற் புகழ்பெற்று விளங்கிய ஜாக் பிராட்டன் என்பவர் 1743-ஆம் ஆண்டிற் சில விதிகளை வகுத்தார். வீழ்ந்தவனை அடித்தலாகாது, இடுப்புக்குக் கீழே பற்றலாகாது, வீழ்ந்தவன் அரை நிமிடத்துக்குள் மீண்டும் எதிரிக்கு நேரே வந்து நில்லாவிடின் தோற்றவனாவான் என்பன அவற்றுள் முதன்மையானவை. தம்மோடு பொருத ஒருவர் காயங்களால் மாண்டது கண்டு உளம் வருந்தியே பிராட்டன் இவ்விதிகளை வகுத்தார் என்பர். அடுத்த நூற்றாண்டில், 1867-ஆம் ஆண்டில், குவீன்ஸ்பரி விதிகள் வெளிவந்தன. அவற்றை எழுதியவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ். ஆயினும் ஆதரவு தந்த பிரபுவின் பெயரே அவற்றுக்கு நிலைத்தது. கைகளில் உறை அணிதல் வேண்டும். ஒவ்வொரு சுற்றும் 3 நிமிடம். இடையே 1 நிமிடம் ஓய்வு. வீழ்ந்தவன் 10 நொடிக்குள் எழுதல் வேண்டும். கட்டிப் புரளுதல் கூடாது என அவை கூறின. இன்றைய குத்துச்சண்டைக்கு அடிப்படை இவையே.

இவ்விளையாட்டின் வரலாற்றில் ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஓர் உடல் பட்ட துன்பம் இருக்கிறது. வலிமையுடையவன் விரும்பியதெல்லாம் செய்யலாம் என்பது சண்டை. வலிமையுடையவனும் நடுவரின் சொல்லுக்கு அடங்கி நிற்றல் வேண்டும் என்பது விளையாட்டு.

சினம் அறிவுக்குப் பகை

குத்துச்சண்டையிற் கையினும் காலே முதன்மை உடையது என்பர் அறிந்தோர். உறுதியாக ஊன்றி நில்லாதவனின் குத்தில் வலிமை இராது. விலகத் தெரியாதவன் நெடுநேரம் நிற்க மாட்டான். நீட்டிய இடக்கையால் எதிரியின் தொலைவை அளந்து தொல்லை கொடுத்தல், வலக்கையால் தாடையைக் காத்தல், தக்க நேரம் வாய்த்தபோது தோளும் இடுப்பும் ஒருங்கே திரும்ப முழு எடையையும் முட்டியில் ஏற்றிக் குத்துதல் ஆகியவை இக்கலையின் அரிச்சுவடி. இதனைப் பயில்வோர் விடியற்காலையில் எழுந்து பல கல் தொலைவு ஓடுவர், கயிறு தாண்டுவர், மணற்பையைக் குத்திப் பழகுவர், உணவையும் உறக்கத்தையும் அளவோடு கொள்வர்.

சினங்கொண்டு பாய்பவன் இம்மேடையில் வெல்வது அரிது. சினம் கண்ணை மறைக்கும். கண் மறைந்தால் காவல் தளரும். காவல் தளர்ந்த நொடியிலேயே எதிரியின் குத்து வந்து விழும். ஆகவே அடிபடும் வேளையிலும் அமைதி இழவாதிருக்கக் கற்றவனே சிறந்த வீரனாகிறான். ஏழ்மையிலும் தெருப்பூசலிலும் வளர்ந்த இளைஞர் பலரை இப்பயிற்சி நெறிப்படுத்தியிருக்கிறது. இஃது இவ்விளையாட்டு வீரனுக்குச் செய்யும் நன்மை.

நிறவெறி என்னும் வேலி

மேடையில் இருவருக்கும் விதி ஒன்றே. ஆயினும் மேடை ஏறும் உரிமை எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. அமெரிக்க நாட்டிற் கருப்பின மக்கள் அடிமைத்தளையினின்று சட்டப்படி 1865-இல் விடுபட்டனர். எனினும் பள்ளி, ஊர்தி, உணவுச்சாலை முதலிய எல்லா இடங்களிலும் தென்மாநிலங்கள் அவர்களைப் பிரித்தே வைத்தன. குத்துச்சண்டையில் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்ட கன எடைப் பிரிவின் உலகச் சாம்பியன் பட்டத்துக்குக் கருப்பர் போட்டியிடுவதை வெள்ளைச் சாம்பியன்கள் நெடுநாள் மறுத்து வந்தனர்.

அவ்வேலியை முதலில் உடைத்தவர் டெக்சாஸ் மாநிலத்து ஜாக் ஜான்சன். அவர் 1908-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாமி பர்ன்ஸ் என்பவரை வென்று பட்டம் பெற்றார். அதனைப் பொறாத வெள்ளையர், ஓய்வுபெற்றிருந்த ஜெப்ரீஸ் என்னும் பழைய சாம்பியனை அழைத்து வந்து 1910-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் ரீனோ நகரில் ஜான்சனுக்கு எதிரே நிறுத்தினர். ஜான்சனே வென்றார். அச்செய்தி பரவியதும் பல நகரங்களில் நிறக்கலவரம் மூண்டது. கருப்பர் பலர் உயிரிழந்தனர். மேடையில் முடிந்த சண்டையைச் சமுதாயம் தெருவில் தொடர்ந்தது.

ஜான்சன் 1915-இல் தோல்வியுற்றுப் பட்டத்தை இழந்தார். அதன்பின் 22 ஆண்டுகள் கருப்பின வீரர் எவர்க்கும் அப்பட்டத்துக்காகப் போட்டியிடும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. இந்நிலையிலேயே ஜோ லூயி தோன்றினார்.

பருத்திக் காட்டிலிருந்து

ஜோ லூயி 1914-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் அலபாமா மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். தந்தை மனநோயுற்று மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். பிழைப்பை நாடி 1926-இல் அக்குடும்பம் வடக்கே டெட்ராய்ட் நகரில் குடியேறியது. மகன் இசை பயின்று நன்னிலை அடைதல் வேண்டும் என்று விரும்பிய அன்னை, வயலின் கற்பதற்காகச் சிறிது சிறிதாகப் பணம் கொடுத்து வந்தார். சிறுவனோ அப்பணத்தை உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செலுத்திக் குத்துச்சண்டை பயின்றான்.

முதற்போட்டியிலேயே அவ்விளைஞர் பலமுறை வீழ்த்தப்பட்டுத் தோற்றார். ஃபோர்டு மோட்டார்த் தொழிற்சாலையிற் சிலகாலம் உழைத்தார்; மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினார். 1934-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் தொழில்முறை வீரராக மேடை ஏறினார். ஜாக் பிளாக்பர்ன் என்னும் முதிர்ந்த வீரர் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். கருப்பின இளைஞர் ஒருவர் கன எடைப் பிரிவிற் பட்டம் பெற வழியே இல்லை என்று எண்ணி முதலில் தயங்கிய அவ்வாசிரியர், பின்னர்த் தம் அறிவு முழுவதையும் மாணவர்க்கு வழங்கினார். காலை ஊன்றுவது எங்ஙனம், குத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பது எங்ஙனம் என்பவற்றை அவர் பொறுமையோடு கற்பித்தார்.

லூயியின் பொறுப்பாளர்கள் அவருக்கு ஒழுக்க விதிகள் சிலவற்றையும் வகுத்தனர். வீழ்ந்தவனைப் பார்த்து நகைத்தல் கூடாது. நேர்மையற்ற சண்டையிற் கலந்துகொள்ளுதல் கூடாது. பொது இடங்களில் அடக்கமாக நடந்துகொள்ளுதல் வேண்டும் என்பன அவை. இவை நல்ல விதிகளே. ஆயினும் வெள்ளை வீரர் எவர்க்கும் இத்தகைய விதிகள் விதிக்கப்பட்டதில்லை. ஜான்சன் தம் விருப்பம்போல் வாழ்ந்தார் என்னும் குறையைக் காட்டியே கருப்பர் அனைவரையும் விலக்கி வைத்தது சமுதாயம். ஆகவே லூயி, எதிரியை வெல்வதோடு, தம்மை உற்றுநோக்கும் நாட்டின் ஐயத்தையும் வெல்ல வேண்டியிருந்தது.

முதற் சந்திப்பு

மாக்ஸ் ஷ்மெலிங் 1905-ஆம் ஆண்டு ஜெர்மனியிற் பிறந்தவர்; 1930 முதல் 1932 வரை உலகச் சாம்பியனாக விளங்கியவர். 1936-இல் அவருக்கு வயது 30. அவருடைய காலம் முடிந்தது என்று பலரும் கருதினர். லூயிக்கோ வயது 22. தொழில்முறைச் சண்டையில் அதுவரை தோல்வியே அறியாதவர்.

ஷ்மெலிங் அறிவையே ஆயுதமாகக் கொண்டார். லூயி பொருததை நேரிற் சென்று பார்த்தார். அவருடைய சண்டைகளைக் காட்டும் திரைப்படங்களை மீண்டும் மீண்டும் ஆராய்ந்தார். இடக்கையாற் குத்தியபின் அக்கையை லூயி சற்றே தாழ்த்துகிறார் என்பதைக் கண்டுகொண்டார். அந்நொடியில் வலக்கையாற் குத்தினால் காவல் இராது. அவ்வேளையில் லூயியோ, புதிதாகக் கற்ற கோல்ப் ஆட்டத்தில் மனத்தைச் செலுத்திப் பயிற்சியைக் குறைத்திருந்தார்.

1936-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் நியூயார்க் நகரின் யாங்கி அரங்கில் இருவரும் மோதினர். 4-ஆம் சுற்றில் லூயி முதன்முறை வீழ்ந்தார். 12-ஆம் சுற்றில் எழ இயலாது வீழ்ந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பது மெய்யாயிற்று.

ஜெர்மனியை அப்போது ஆண்ட நாஜிக் கட்சி, தன் இனமே உலகில் உயர்ந்தது என்று பறைசாற்றி வந்தது. ஷ்மெலிங்கின் வெற்றியைத் தன் கொள்கைக்குச் சான்றாக அது பயன்படுத்திக்கொண்டது. ஹிட்லர் அவரை வரவேற்றார். சண்டையைக் காட்டும் படம் நாடெங்கும் திரையிடப்பட்டது. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் கோல்ப் ஆடிப் பயிற்சியைக் குறைத்ததும், முப்பது வயது வீரர் ஒருவர் கூர்ந்து கவனித்ததும் அவ்வெற்றிக்குக் காரணங்கள். ஆனால், அதனை ஓர் இனத்தின் வெற்றி என்று அரசு கூறியது.

இரண்டு நிமிடம் நான்கு நொடி

தோல்வி லூயிக்கு ஆசானாயிற்று. அவர் குறையைத் திருத்திக்கொண்டு தொடர்ந்து வென்றார். 1937-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் சிகாகோ நகரில் ஜேம்ஸ் பிராடக்கை 8-ஆம் சுற்றில் வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். ஆயினும் ஷ்மெலிங்கை வெல்லும் வரை தம் பட்டம் முழுமை பெறாது என்று கருதினார்.

சரியாக ஓராண்டு கழிந்து, 1938-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், அதே யாங்கி அரங்கில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். அதற்கு மூன்று திங்களுக்கு முன்பே ஹிட்லரின் படை ஆஸ்திரியாவிற் புகுந்து அந்நாட்டை ஜெர்மனியோடு இணைத்திருந்தது. போர் மேகம் சூழ்ந்த அந்நாளில் இச்சண்டை இரு நாடுகளின் சண்டையாகவே கருதப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் அரங்கிற் கூடினர். பல இலட்சக்கணக்கானோர் வானொலியின் முன் அமர்ந்தனர். மேடைக்கு நடந்து வந்த ஷ்மெலிங்மீது கூட்டத்தினர் குப்பைகளை வீசினர்.

மணி ஒலித்தது. லூயி சிறிதும் காலந்தாழ்த்தாது பாய்ந்தார். ஷ்மெலிங் மூன்று முறை வீழ்ந்தார். 2 நிமிடம் 4 நொடியில் நடுவர் சண்டையை முடித்து வைத்தார். முதுகெலும்பில் முறிவு ஏற்பட்ட ஷ்மெலிங் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். கருப்பர் வாழும் ஹார்லெம் பகுதியில் மக்கள் வெள்ளமெனத் தெருக்களிற் பெருகி ஆடிப்பாடினர்.

இவ்விரு வீரரையும் கொடியாக ஏந்திய இரு நாடுகளின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. உரிமையின் காவலர் என்று அமெரிக்கா லூயியைக் கொண்டாடியது. ஆனால் அவர் பிறந்த அலபாமாவில் அவருடைய இனத்தார் பெரும்பாலோர்க்கு வாக்குரிமையும் எட்டாக்கனியாக இருந்தது. இனத்தூய்மையின் வீரர் என்று நாஜி அரசு ஷ்மெலிங்கைக் கொண்டாடியது. ஆனால் அவருடைய பொறுப்பாளர் ஜோ ஜேக்கப்ஸ் ஒரு யூதர். யூதரை விலக்கிவிடுமாறு அரசு வற்புறுத்தியும் ஷ்மெலிங் இணங்கவில்லை. நாஜிக் கட்சியில் உறுப்பினராகவும் சேரவில்லை. நாடுகள் கூறியது ஒன்று; அவ்வீரர்களின் வாழ்க்கை காட்டியது வேறொன்று.

மேடைக்கு வெளியே வீரம்

1938-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் இரவில் ஜெர்மனியெங்கும் யூதரின் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் சிறைப்பிடிக்கப்பட்டனர். அந்நாளில் யூத நண்பர் ஒருவரின் இளம் புதல்வர் இருவரை ஷ்மெலிங், பெர்லினில் தாம் தங்கியிருந்த விடுதி அறையில் ஒளித்து வைத்தார். தமக்கு உடல்நலமில்லை என்றும், எவரும் அறைக்கு வரலாகாது என்றும் விடுதியாரிடம் கூறிவிட்டார். பின்னர் அவ்விளைஞர்கள் நாட்டைவிட்டுத் தப்பினர். ஹிட்லரின் அரசை ஷ்மெலிங் வெளிப்படையாக எதிர்த்தாரல்லர். அவ்வரசு அளித்த சிறப்பையும் ஏற்றுக்கொண்டவரே. எனினும் உயிருக்கு இடர் நேரக்கூடிய வேளையில் இரண்டு உயிர்களைக் காத்தார். அதனைத் தம் புகழுக்காகப் பறைசாற்றவும் இல்லை. காக்கப்பட்டவருள் ஒருவர் 1989-இல் அமெரிக்காவில் ஒரு விருந்தில் அதனை எடுத்துரைத்தபோதே உலகம் அறிந்தது.

லூயியும் மேடைக்கு வெளியே தம் கடமையை மறந்தாரல்லர். 1942-இல் இரு சண்டைகளில் தமக்குக் கிடைத்த ஊதியத்தைக் கப்பற்படை, தரைப்படை ஆகியவற்றின் துயர்துடைப்பு நிதிகளுக்கு அளித்தார். தாமும் தரைப்படையிற் சேர்ந்தார். வீரர்களை மகிழ்விக்க ஏறத்தாழ நூறு காட்சிச் சண்டைகள் நிகழ்த்தினார். அப்படையிலும் கருப்பர் தனிப்பிரிவாகவே வைக்கப்பட்டிருந்தனர். கான்சாஸ் மாநிலத்துப் படைமுகாமொன்றில், தகுதியிருந்தும் கருப்பின வீரர் சிலர் அதிகாரிப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. லூயி தம் செல்வாக்கைப் பயன்படுத்தி அவர்களுக்காகப் பரிந்து பேசினார், வழி திறந்தது. அவர்களுள் ஒருவரான ஜாக்கி ராபின்சன் படை அதிகாரியானார். பின்னர் 1947-இல், வெள்ளையர்க்கே உரியதாக இருந்த பேஸ்பால் பெருங்குழுவில் இடம்பெற்று வரலாறு படைத்தார். 1948-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன், படைகளில் நிறவேற்றுமையை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தார். இம்மாற்றம் பலருடைய நெடுநாட் போராட்டத்தின் பயன். மக்கள் மனத்தை அதற்குப் பண்படுத்தியவர்களுள் லூயியும் ஒருவர்.

வெற்றியின் விலை

லூயி 1949 வரை, 11 ஆண்டு 8 திங்கள், பட்டத்தை இழவாது காத்தார். 25 முறை அதற்காகப் பொருது வென்றார். கன எடைப் பிரிவில் இத்துணை நீண்ட காலம் இடையறாது சாம்பியனாக இருந்தவர் வேறு எவருமிலர். ஆயினும் ஈட்டிய செல்வம் பிறர் கைகளிலும் அவருடைய சொந்த ஈகையிலும் கரைந்தது. செலுத்தாத வரி வட்டியோடு வளர்ந்து பத்து இலட்சம் டாலருக்கும் மேற்பட்டது. கடனை அடைப்பதற்காக ஓய்விலிருந்து மீண்டும் மேடை ஏறினார். 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் இளைஞரான ராக்கி மார்சியானோ அவரை வீழ்த்தினார். பின்னர் மல்யுத்தக் காட்சிகளிலும் அவர் தோன்ற நேர்ந்தது. பிற்காலத்தில் மனநோயுற்றார்; லாஸ் வேகாஸ் நகரின் பெருவிடுதி ஒன்றில் விருந்தினரை வரவேற்கும் பணி செய்தார்; இறுதி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியிற் கழித்தார். பல்லாயிரவர் கைதட்டிய வீரருக்கு முதுமையில் ஒரு பாதுகாப்பான வாழ்க்கை இல்லை.

குத்துச்சண்டை உடலுக்கு விளைக்கும் தீங்கையும் மறைத்தல் கூடாது. அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்டு 1928-இலேயே, நெடுநாள் தலையில் அடிபட்ட வீரர்க்கு நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், நினைவு மங்குதல் ஆகியவை உண்டாவதை எடுத்துக்காட்டினார். கையுறை அணிவதால் இத்தீங்கு நீங்கிவிடாது. வெறுங்கையால் மண்டையோட்டைக் குத்தினால் குத்துபவனின் விரலெலும்பே முறியும். ஆதலால் அக்காலத்தவர் தலையிற் குத்தத் தயங்கினர். உறை கையைக் காத்தபின் தலையில் விழும் குத்துகள் மிகுந்தன. உள்ளே மூளை அதிர்வதை உறையால் தடுக்க இயலாது.

1982-ஆம் ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரிற் பொருத தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-ஆம் சுற்றில் வீழ்ந்து, சில நாளில் மாண்டார். அதன்பின் பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12 சுற்றாகக் குறைக்கப்பட்டன. பிராட்டன் காலத்திற் போலவே இங்கும் ஒரு சாவுக்குப் பின்னரே விதி வந்தது. ஸ்வீடன் நாடு 1970 முதல் 2006 வரையிலும், நார்வே நாடு 1981 முதல் 2014 வரையிலும் தொழில்முறைக் குத்துச்சண்டையையே தடை செய்திருந்தன. ஏழை இளைஞனின் உடலைப் பணயமாக வைத்துப் பிறர் பொருளீட்டலாமா என்னும் வினா இன்றும் தீர்ந்தபாடில்லை.

அவ்வினா ஒருபுறம் இருக்க, விலக்கி வைக்கப்பட்டோர் இம்மேடையின் வாயிலாக முன்னேறிய வரலாறும் தொடர்கிறது. பெண்களுக்கான குத்துச்சண்டை ஒலிம்பிக் விழாவில் 2012-ஆம் ஆண்டிலேதான் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாக நடந்தது. அவ்வாண்டு இலண்டனில் மணிப்பூர் மாநிலத்து மேரி கோம் வெண்கலப் பதக்கம் பெற்றார். அவரும் லூயியைப் போலவே, பிறர் நிலத்தில் உழைத்த ஏழை உழவர் குடும்பத்திற் பிறந்தவர்.

பகை நீங்கிய நட்பு

இரண்டாம் உலகப்போரில் ஷ்மெலிங் ஜெர்மன் வான்குடைப் படையிற் சேர்க்கப்பட்டு, 1941-இல் கிரீட் தீவிற் காயமுற்றார். போர் முடிந்தபோது பொருளனைத்தையும் இழந்திருந்தார். மீண்டும் சில சண்டைகள் செய்தார். பின்னர்க் குளிர்பான வணிகத்தில் ஈடுபட்டுச் செல்வரானார். 1954-இல் அமெரிக்கா சென்றபோது சிகாகோ நகரில் லூயியைத் தேடிச் சென்று கண்டார். ஒருவரையொருவர் வீழ்த்திய அவ்விருவரும் அன்றுமுதல் நெருங்கிய நண்பராயினர். இரு நாடுகள் ஊட்டிய பகை அவர்களுடைய பகையாக ஒருபோதும் இருந்ததில்லை என்பது அப்போது விளங்கியது. லூயி வறுமையுற்ற காலத்தில் ஷ்மெலிங் பொருளுதவியும் புரிந்தார்.

1981-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் லூயி மறைந்தார். அதற்கு முந்திய நாள்கூட அவர் ஒரு குத்துச்சண்டைப் போட்டியைக் காண வந்திருந்தார். நாட்டின் போர்வீரர் துயிலும் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில், சிறப்பு அனுமதியின் பேரில், அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவ்விறுதிச் சடங்கின் செலவில் ஒரு பகுதியை ஷ்மெலிங் ஏற்றுக்கொண்டார். அவர் 2005-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தம் 99-ஆம் வயதில் காலமானார்.

டெட்ராய்ட் நகரின் நடுவே லூயியின் நினைவாக 1986-இல் ஒரு சின்னம் நிறுவப்பட்டது. முகமில்லை, உடலில்லை, மடக்கிய முட்டியோடு 24 அடி நீளமுள்ள வெண்கலக் கை மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. லூயியின் வலிமைக்கு அது தக்க சின்னமே. ஆயினும் அவருடைய வரலாற்றைக் கற்போர் மற்றொரு கையையும் நினைத்தல் வேண்டும். விடுதி அறையின் கதவைத் தாழிட்டு இரு இளைஞரைக் காத்த கை அது. முன்னாள் எதிரியை நாடிச் சென்று பற்றிய கையும் அதுவே.

மேடையின் நான்கு கயிறுகளுக்குள் விதி ஆண்டது. வீழ்ந்தவனை அங்கு எவரும் அடிப்பதில்லை; மணி ஒலித்தவுடன் சண்டை நின்றுவிடுகிறது. கயிற்றுக்கு வெளியே இருந்த சமுதாயமோ, வீழ்ந்த மக்களை மேலும் மேலும் அடித்தது. தன் பகையைத் தீர்க்க வீரரின் உடலைப் பயன்படுத்தியது. பயன் தீர்ந்தபின் அவர்களை மறந்தது. குத்துச்சண்டையினின்று சமுதாயம் கற்க வேண்டுவது குத்தும் வன்மையை அன்று. வலியவனும் விதிக்கு அடங்கி நிற்கும் பண்பையே. அப்பண்பு மேடையோடு நின்றுவிடாமல் தெருவிலும் ஊரிலும் நாட்டிலும் பரவுமாயின், அவ்விரு வீரரும் பட்ட அடிகள் வீண்போகா.